பயணிகள் விமானமா, போர் விமானமா? உடலும் கண்ணும் எதற்குப் பொருந்தும்?

கண்ணாடி அணிந்த பிள்ளை விமானியாக முடியாது என்று இன்றும் பல பெற்றோர் நம்புகிறார்கள். இந்திய விமானப்படையைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் சரிதான் என்றாலும், பயணிகள் விமானத்தைப் பொறுத்தவரை முற்றிலும் தவறு. இந்தத் தவறான எண்ணத்தால் தகுதியுள்ள பிள்ளைகள் விண்ணப்பிக்காமலேயே ஒதுங்கிவிடுவது வருத்தத்துக்குரியது.

பயணிகள் விமானிக்குத் தேவைப்படும் முதல் வகுப்பு மருத்துவச் சான்றுக்கு, ஒவ்வொரு கண்ணும் தனித்தனியே 6/9 அளவையும், இரண்டும் சேர்ந்து 6/6 அளவையும் எட்ட வேண்டும் (6/6 என்பது இயல்பான பார்வை; 6/9 அதைவிடச் சற்றுக் குறைவு). கண்ணாடியின் துணையோடு எட்டினாலும் போதும். மாற்றுக் கண்ணாடி ஒன்றைப் பறக்கும்போது கையில் வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். விமானப்படையின் பறக்கும் பிரிவிலோ கிட்டப்பார்வை, அதாவது தொலைவில் உள்ளவை மங்கலாகத் தெரியும் குறை, அறவே இருக்கக் கூடாது. ஒரு கண் 6/6 ஆக இருந்து மற்றது 6/9 ஆக இருந்தால், அந்தக் குறை தூரப்பார்வையால் (அருகில் உள்ளவை மங்கலாகத் தெரிவதால்) வந்ததாகவும், கண்ணாடியால் திருத்தினால் 6/6 ஆவதாகவும் இருக்க வேண்டும். தலைக்கவசமும் ஆக்சிஜன் முகமூடியும் அணிந்து, கடுந்திருப்பங்களில் உடல் எடை பன்மடங்காகும் நிலையில் பறப்பவரிடம் இவ்வளவு கண்டிப்பு காட்டுவது எனக்கு நியாயமாகவே படுகிறது.

உடலளவில் வேறுபாடு இன்னும் பெரிது. விமானப்படை குறைந்தது 162.5 செ.மீ. உயரமும், 99 முதல் 120 செ.மீ. வரை கால் நீளமும் கேட்கிறது. தொடையின் நீளம் 64 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. ஆபத்தில் இருக்கையோடு வெளியே வீசப்படும்போது நீண்ட தொடை உடையவரின் முழங்கால் முன்பலகையில் மோதிவிடும் என்பதை நினைத்தால், இந்த அளவுகள் வெறும் சம்பிரதாயமல்ல என்பது புரியும். பயணிகள் விமானத்தில் அத்தகைய இருக்கை இல்லை.

நிறப்பார்வையில் மட்டும் இரண்டு பாதைகளும் கண்டிப்பானவை. ஓடுபாதையருகே இறங்கும் சரிவைக் காட்டும் சிவப்பு, வெள்ளை விளக்குகளைப் பிரித்தறிய வேண்டும் அல்லவா? எனினும் நிறப் புள்ளிகளுக்குள் எண்கள் மறைந்திருக்கும் இஷிஹாரா அட்டைகளில் தவறுபவருக்குப் பயணிகள் விமானத் துறையில், வண்ண விளக்குகளை இனங்காணும் விளக்குச் சோதனை என்னும் மறுவாய்ப்பு உண்டு.

பயணிகள் விமானிப் பயிற்சியைத் தொடங்க இரண்டாம் வகுப்பு மருத்துவச் சான்றே போதும் என்பதால் பலர் அதோடு கட்டணத்தைச் செலுத்திவிடுகிறார்கள். சம்பளத்துக்கு விமானம் ஓட்டத் தேவைப்படும் வணிக விமானி உரிமத்துக்கு முதல் வகுப்புச் சான்று கட்டாயம் என்பதால், அதையும் பெற்ற பிறகே பணம் கட்டுங்கள்.