புரை ஆபரேஷனா? கண்ணீர்ப் பாதையைச் சோதித்தார்களா என்று முதலில் கேளுங்கள்

அம்மாவுக்கு 67 வயது. இடது கண்ணில் பல வருடமாகத் தண்ணீர் வடியும், முந்தானையால் துடைத்துக்கொண்டே இருப்பார், வயசானால் அப்படித்தான் என்று நாங்களும் விட்டுவிட்டோம். போன மார்கழியில் அந்தக் கண்ணுக்குத்தான் எங்கள் ஊர் தனியார் கண் மருத்துவமனை ஒன்றில் புரை ஆபரேஷன் செய்தோம். பேர் போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறோம்.

புதன்கிழமை ஆபரேஷன். வியாழன் கட்டுப் பிரித்தபோது காலண்டர் தேதியைப் படித்துக் காட்டினார், அவ்வளவு சந்தோஷம். வெள்ளி ராத்திரி வலி ஆரம்பித்தது. சனிக்கிழமை காலை போன் பண்ணினால், "அப்படித்தான் இருக்கும், சொட்டு மருந்தை விடாமப் போடுங்க, திங்கட்கிழமை செக்கப்புக்கு வாங்க" என்றார்கள். டாக்டரிடம் பேச வேண்டும் என்றேன், தியேட்டரில் இருக்கிறார் என்று வைத்துவிட்டார்கள். அந்தப் பதிலை நம்பி ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தோம். ஞாயிறு காலை இமை வீங்கி மூடிக்கொண்டது. விலக்கிப் பார்த்தால் கருவிழியின் அடியில் வெள்ளையாக ஒரு கோடு படிந்திருந்தது. அது சீழ். லைட் அடித்தால் வெளிச்சம் தெரிகிறது, வேறெதுவும் தெரியவில்லை என்றார்.

அன்றே மதுரைக்குக் கூட்டிப் போனோம். அங்கே டாக்டரம்மா முதலில் செய்தது, மூக்கை ஒட்டிய கண் ஓரத்தை விரலால் மெதுவாக அழுத்தியதுதான். மஞ்சளாகச் சீழ் கசிந்து கண்ணுக்குள் வந்தது. கண்ணீர் மூக்குக்கு இறங்கும் பாதை அடைத்து, கண் ஓரத்தில் இருக்கும் கண்ணீர்ப் பையில் எத்தனையோ காலமாகக் கிருமி தேங்கியிருந்திருக்கிறது. இந்த நிலையில் கண்ணைத் திறந்து ஆபரேஷன் செய்யவே கூடாது, முதலில் பையைச் சரிபண்ண வேண்டும் என்றார். அன்றே விழிக்குள் இருந்த சீழ்த் திரவத்தை ஆபரேஷன் செய்து எடுத்து, உள்ளேயே ஆன்டிபயாடிக் ஊசி போட்டார்கள். கண் மிஞ்சியது, பார்வை மிஞ்சவில்லை. இப்போது அந்தக் கண்ணால் கிட்டத்தில் விரலை எண்ணுவார், அவ்வளவுதான்.

தொற்று வந்ததற்காக மட்டும் நான் கோபப்படவில்லை. நல்ல இடத்திலும் எப்போதாவது வரத்தான் செய்யும் என்று மதுரையிலும் சொன்னார்கள். என் வயிறு எரிவது கேஸ் ஷீட்டைப் பார்த்துத்தான். நகல் கேட்டு வாங்கினோம். அதில் 'கண்ணீர்ப் பாதை: அடைப்பில்லை' என்று டிக் போட்டிருக்கிறது. அம்மா கண்ணில் யாரும் அந்தச் சோதனை செய்யவே இல்லை! கண் ஓரத்துச் சின்னத் துளையில் மழுங்கிய ஊசி வைத்து உப்புத் தண்ணீர் விடுவார்கள், பாதை திறந்திருந்தால் தொண்டையில் உப்புக் கரிக்கும். செய்திருந்தால் யாருக்கும் மறக்காது.

அப்புறம் அந்தப் பழுப்பு மருந்து, போவிடோன் அயோடின். கண்ணைச் சுற்றித் தோலில் தடவுவதோடு, 5 சதவீதக் கரைசலைக் கண்ணுக்குள்ளும் விட்டு குறைந்தது 3 நிமிடம் காத்திருக்க வேண்டும், கிருமியைக் கொல்வதில் முக்கியமான படியே அதுதான். "விட்ட கையோட தொடச்சிட்டு உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்க" என்கிறார் அம்மா. வெளியே பெஞ்சில் இன்னும் ஏழெட்டுப் பேர் வரிசையாக உட்கார்ந்திருந்ததை நானே பார்த்தேன். 2021 நவம்பரில் பீகாரின் முசாபர்பூரில் ஒரே நாளில் 65 பேருக்குப் புரை ஆபரேஷன் செய்து, பலருக்குக் கண்ணையே எடுக்க வேண்டி வந்தது. அவசரம் என்ன செய்யும் என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை.

முறையாகச் செய்தால் எவ்வளவு குறையும் என்பதும் தெரியும். அரவிந்த் கண் மருத்துவமனைகளில் சுமார் 6 லட்சம் ஆபரேஷன்களை அலசி 2017-ல் கட்டுரை வெளியிட்டார்கள். ஆபரேஷன் முடிவில் கண்ணுக்குள் மாக்சிஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் செலுத்தியதில் தொற்று 0.07 சதவீதத்திலிருந்து 0.02 ஆகக் குறைந்திருக்கிறது. இந்த ஊசி போடுவீர்களா என்று நீங்களும் கேட்கலாம், தப்பில்லை. சர்க்கரை இருந்தால் அன்றைய அளவைப் பார்த்தார்களா என்றும் கேளுங்கள். ஆபரேஷனுக்கு அப்புறம் வலி கூடினாலோ, கண் சிவந்து பார்வை மங்கினாலோ போனில் கேட்டுக்கொண்டிருக்காமல் அன்றைக்கே நேரில் போய் நில்லுங்கள், ஞாயிற்றுக்கிழமையானாலும் சரி.

அம்மாவுக்கு வலது கண்ணிலும் புரை இருக்கிறது. போன வாரம் மதுரையில் அந்தக் கண்ணுக்குப் பாதைச் சோதனை செய்தார்கள். நான் பக்கத்தில் நின்றேன். தண்ணீர் விட்டதும் முகத்தைச் சுளித்து, "உப்புக் கரிக்குதுடா" என்றார்.