யாழ்ப்பாணத்தில் நான் இருந்த மறுவாழ்வு நிலையம்

ஹெரோயினை விடவேண்டும் என்று நானே கேட்டுத்தான் போனேன். மூன்று மாதம் இருந்தேன். குறையும் சொல்லவேண்டி இருப்பதால் நிலையத்தின் பெயர் போடவில்லை.

ஹெரோயினை நிறுத்தினதால் வரும் உபாதைக்கு இரண்டாம், மூன்றாம் நாள்தான் உச்சம்: கால் எலும்புக்குள் முறுக்குவது போல உளைவு, மூக்கால் தண்ணீர், வயிற்றோட்டம், நித்திரையே இல்லை. அந்த இரவு ஒரு நேர்ஸ் அக்கா கதிரையை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் இருந்து, தேசிக்காய்த் தண்ணியைக் கரண்டியால் பருக்கிக்கொண்டே "தம்பி, கூடினால் ஒரு கிழமை, பிறகு குறையும்" என்று திரும்பத் திரும்பச் சொன்னா. ஆறாம் நாள் கஞ்சி இறங்கியது. அவவை நான் மறக்கமாட்டேன்.

சாப்பாடு சரி, இடமும் துப்புரவு. ஆனால் ஆலோசகர் ஒருவர்தான், தனியாகக் கதைக்க இரண்டு கிழமை காத்திருக்கவேண்டும். ஐஸ் என்கிற போதைப்பொருளைப் (மெதாம்பெட்டமைன்) பாவித்த பெடியளுக்கு உடம்பு நோவை விட மனச்சோர்வும் சந்தேகமும்தான் கூட, அவர்களுக்கு அது எப்படிக் காணும்?

பெரிய குறை வெளியே வந்த பிறகுதான். ஒரு துண்டில் கிளினிக் திகதி எழுதித் தந்தார்கள், அதற்குப் பிறகு ஒரு கோல் கூட இல்லை. இரண்டாம் கிழமையே பழைய கூட்டாளி படலையில் வந்து சைக்கிள் மணி அடித்தான், அம்மாதான் போய்த் திருப்பி அனுப்பினா. விட்டிருந்த உடம்பு பழைய அளவைத் தாங்காது, எடுத்தால் உயிரே போகலாம் என்பதையும் அங்கே ஒருவரும் சொல்லவில்லை, பிறகு வேறொரு டொக்டர் சொல்லித்தான் அறிந்தேன்.

பிள்ளையைச் சேர்க்க முதல் தனி ஆலோசனை கிழமைக்கு எத்தனை தரம், வெளியே வந்தால் யார் பார்ப்பது என்று கட்டாயம் கேளுங்கள். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் 1927க்கு எடுங்கள், தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் இலக்கம் அது.