பென்பாட்: மென்பொருள் அருமை, அதை வைத்துத் தலைக்கனம் எதற்கு?

எட்டு மாதமாகப் பென்பாட்டில்தான் வேலை செய்கிறேன். வெப் டிசைனுக்கு இதுவரை நான் தொட்ட மென்பொருள்களில் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். ஆனால் இதைப் பயன்படுத்தும் எங்களில் சிலர், வேறு மென்பொருளில் வேலை செய்பவர்களை மட்டம்தட்டிப் பேசுகிற பேச்சு எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஒன்றைச் சொல்லி மற்றதை விட்டால் இந்த விமர்சனம் பாதிதான்.

முதலில் மென்பொருள். பிரவுசரிலேயே திறந்துகொள்ளலாம். ஓப்பன் சோர்ஸ், அதாவது மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும் மென்பொருள் என்பதால், வேண்டுமானால் டாக்கர் என்ற கருவி வழியாகச் சொந்த சர்வரிலும் ஏற்றிக்கொள்ளலாம். என்னைக் கட்டிப்போட்டது இதன் ஃப்ளெக்ஸ் லேயவுட், அதாவது பகுதிகளைத் தானாக வரிசைப்படுத்தி இடைவெளி விடும் வசதி. ஒரு கார்டு என்று வையுங்கள்: மேலே படம், கீழே தலைப்பு, இரண்டு வரி விவரம், ஒரு பட்டன். இடைவெளி 16 பிக்சல் என்று ஒருமுறை கொடுத்துவிட்டேன். தலைப்பு ஒரு வரியிலிருந்து மூன்று வரியாக நீண்டபோது பட்டன் தானாகக் கீழே இறங்கி, அதே 16-இல் நின்றது. முன்பெல்லாம் இதை ஒவ்வொரு கார்டாகப் பிடித்து இழுத்துக்கொண்டிருப்பேன். அதோடு, அங்கே இருக்கிற பெயர்களும் விதிகளும், வெப் பக்கத்தின் தோற்றத்தை எழுதும் மொழியான சிஎஸ்எஸ்ஸில் இருப்பவைதான். டெவலப்பரிடம் கொடுக்கும்போது தனியாக விளக்க வேண்டியதில்லை, அளவுகளைக் காட்டும் இன்ஸ்பெக்ட் பகுதியைத் திறந்தால் போதும். 2024-இல் வந்த 2.0 பதிப்பில், கட்டம் கட்டமாக அடுக்கும் கிரிட் லேயவுட்டும் சேர்ந்துவிட்டது.

குறை என்றால், பலரும் பயன்படுத்தும் இன்னொரு டிசைன் மென்பொருளான ஃபிக்மாவுக்குக் கிடைக்கிற அளவுக்குப் பிளகின்களும் தயார்நிலை டெம்ப்ளேட்களும் இதற்கு இல்லை. எனக்கு அது பெரிய இடைஞ்சலாகத் தெரியவில்லை.

சரி, இப்போது அந்தப் பேச்சுக்கு வருகிறேன். இது பென்பாட்டோடு தொடங்கியதல்ல. நோட்பேடில் கையால் நிரல் எழுதியவர்கள், வெப் பக்கம் செய்ய 1997-இல் வந்த ட்ரீம்வீவர் மென்பொருளைப் பிடித்துக்கொண்டவர்களை ஏளனம் செய்தார்கள். ட்ரீம்வீவர்காரர்கள் ஃப்ரண்ட்பேஜ்காரர்களைப் பார்த்துச் சிரித்தார்கள். அப்புறம் மேக்கில் மட்டும் ஓடும் ஸ்கெட்ச் வந்தது, ஃபோட்டோஷாப்பில் பக்கம் வரைந்தவர்கள் பழைய ஆட்கள் ஆனார்கள். 2022-இல் ஃபிக்மாவை 2,000 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக அடோபி அறிவித்ததும் எங்கள் பென்பாட் ஆட்களுக்குத் தலை கால் புரியவில்லை: “பார்த்தாயா, ஒரு கம்பெனி கையில் இருப்பது நம் கையில் இல்லை என்று நாங்கள் அப்போதே சொன்னோமே!” அடுத்த ஆண்டு டிசம்பரில் அந்தப் பேரமே கைவிடப்பட்டது. ஆனாலும் பேச்சு நிற்கவில்லை.

எங்கள் குழுவுக்குப் புதிதாக ஒரு பெண் வந்தாள். முதல் வாரமே ஒரு பதிவுப் படிவத்தை ஃபிக்மாவில் செய்து காட்டினாள். திரை வந்ததுமே ஒருவர் கேட்டார்: “இன்னும் வாடகை வீட்டில்தான் இருக்கிறாயாம்மா?” ஃபிக்மா ஒரு கம்பெனியின் சொத்து, பென்பாட்தான் சொந்த வீடு என்ற கிண்டல் அது. எல்லோரும் சிரித்தார்கள். அதன்பிறகு அரை மணி நேரம் எந்த மென்பொருள் உசத்தி என்பதே பேச்சு. படிவத்தை யாரும் பார்க்கவே இல்லை.

நான் பிறகு தனியாகத் திறந்து பார்த்தேன். கட்டங்களுக்கு மேலே சின்ன எழுத்தில் வரும் குறிப்புகளுக்கு அவள் 767676 என்ற எண்ணுள்ள சாம்பல் நிறம் வைத்திருந்தாள். வெள்ளைப் பின்னணியில், சாதாரண அளவு எழுத்துக்கு வேண்டிய 4.5-க்கு 1 என்ற வெளிச்ச வேறுபாட்டை மயிரிழையில் தாண்டும் நிறம் அது. யோசிக்காமல் வைக்கிற நிறமல்ல. பென்பாட்டில் நாங்கள் செய்த பழைய படிவத்தில் இருந்தது 999999, இன்னும் வெளிறிய சாம்பல். அது 3-ஐக்கூட எட்டாது. பார்வை மங்கியவர்கள் அந்தக் குறிப்புகளைக் கண்ணை இடுக்கிக்கொண்டுதான் படித்திருப்பார்கள். அன்றைக்கு அவளுக்காக ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தேனே என்பது இன்னும் உறுத்துகிறது.

பென்பாட்டை நான் தாராளமாகப் பரிந்துரைக்கிறேன். வெப்பின் விதிகளை இவ்வளவு நேராகக் கற்றுத்தருகிற டிசைன் மென்பொருளை நான் பார்த்ததில்லை. புதிதாகப் பழகுகிறவர்கள் ஃப்ளெக்ஸிலிருந்து தொடங்குங்கள்.

அந்தப் பெண் இப்போது டிசைனை வெறும் படமாக மாற்றித்தான் அனுப்புகிறாள். எதில் செய்தது என்று யாருக்கும் தெரியக் கூடாதாம். டெவலப்பர் அந்தப் படத்தைப் பெரிதாக்கி, இடைவெளி எத்தனை பிக்சல் என்று எண்ணிக்கொண்டிருக்கிறார். நேற்று நானே போய், “ஃபிக்மா ஃபைலையே கொடும்மா, அதுதான் எனக்கு வேண்டும்” என்று கேட்டு வாங்கினேன்.