அகரத்தின் 'விதை': படித்து முடித்தவர்கள் திரும்பி வந்து தாங்கும் திட்டம்

நடிகர் சூர்யா 2006இல் தொடங்கிய அகரம் அறக்கட்டளை, அரசுப் பள்ளிகளில் படித்தும் வறுமையால் கல்லூரிக்குச் செல்ல வழியற்று நிற்கும் பிள்ளைகளுக்காக 2010இல் 'விதை' திட்டத்தைக் கொண்டுவந்தது. மாணவர்களை உயர்கல்விக்கு வழிநடத்தும் ஓர் ஆசிரியரின் கண்ணோடு இத்திட்டத்தைப் பார்க்கும்போது, இதன் முன்னாள் மாணவர்கள் ஏற்றிருக்கும் பொறுப்பே எனக்கு முதன்மையாகத் தெரிகிறது.

சூர்யாவின் தந்தை சிவகுமார் நடத்திவந்த கல்வி அறக்கட்டளை, பிளஸ் டூ தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்றவர்களுக்குப் பரிசளித்துவந்தது. விதையோ, மதிப்பெண்ணோடு வீட்டுச் சூழலையும் சேர்த்தே எடைபோடுகிறது. பெற்றோரை இழந்தவர்கள், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிப்பவர்கள் ஆகியோருக்கு அது முன்னுரிமை தருகிறது. விண்ணப்பித்த பிள்ளையின் வீட்டுக்கே தன்னார்வலர்கள் நேரில் செல்கிறார்கள். இதே திட்டத்தில் படித்து வேலைக்குப் போனவர்களும் அவர்களில் இருக்கிறார்கள் என்பதுதான் இந்தத் தேர்வுமுறையின் பலம். தந்தையை இழந்ததை ஒரு பிள்ளை விண்ணப்பத்தில் ஒரே வரியில் எழுதிவிடும். அதன்பின் வீட்டில் ஏறிய கடனையும், தம்பியின் படிப்பு நின்றதையும், அக்காவுக்கு அவசரமாக மாப்பிள்ளை பார்க்கப்படுவதையும் எழுதாது. அத்தகைய வீட்டிலிருந்து வந்தவருக்கு எதைக் கேட்க வேண்டும், எதைக் கேட்டுப் புண்படுத்தக் கூடாது என்பது தெரியும்.

கட்டண உதவி என்ற அளவில் மட்டும் பார்த்தால், இன்று அரசே பெரும் பங்கைச் செய்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்து, 7.5 சதவீத இடஒதுக்கீட்டில் மருத்துவமோ பொறியியலோ கிடைத்தவருக்குக் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசு ஏற்கிறது. அரசுப் பள்ளியில் படித்துவிட்டு உயர்கல்விக்குச் செல்லும் மாணவிகளுக்கு 2022இல் வந்த புதுமைப் பெண் திட்டமும், மாணவர்களுக்கு 2024இல் வந்த தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் 1,000 ரூபாய் தருகின்றன. இவை இல்லாத 2010ஆம் ஆண்டில் விதை நிரப்பிய பள்ளம் வேறு, இன்று நிரப்பும் பள்ளம் வேறு.

இன்றைய பள்ளம் கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் தொடங்குகிறது. தமிழ்வழியில் படித்தவர் முதல் பருவத்தில் ஆங்கிலப் பாடநூலின் முன் திகைக்கிறார். இரண்டு அரியர் விழுந்தால் ஊருக்குத் திரும்பிவிடலாம் என்று எண்ணுகிறார். வீட்டில் யாரிடமும் அதைக் கேட்க முடியாது, ஏனெனில் அங்கே கல்லூரியைப் பார்த்தவர் எவருமில்லை. பயிற்சி முகாம்கள் வழியாகவும் வழிகாட்டிகள் வழியாகவும் விதை இந்த இடத்தில்தான் உடன் நிற்கிறது. அந்தத் தடுமாற்றத்தைக் கடந்துவந்த அண்ணனோ அக்காவோ சொல்லும் சொல்லுக்கு உள்ள எடை, எவ்வளவு அன்பான பேராசிரியர் சொன்னாலும் வருவதில்லை. 2025 ஆகஸ்டில் நடந்த பதினைந்தாம் ஆண்டு விழாவில், இத்திட்டத்தில் படித்து மருத்துவரானவர்களே ஐம்பதைக் கடந்திருப்பதாக அறிவிக்கப்பட்டது. அந்த எண்ணிக்கையைக் காட்டிலும், அவர்களுக்குப் பின்னால் வரும் பிள்ளைக்குத் தொலைபேசியில் அழைத்துப் பேச ஒரு மருத்துவர் கிடைத்திருக்கிறார் என்பதையே நான் பெரிதாக எண்ணுகிறேன்.

குறை என்று சொன்னால், தேவையோடு ஒப்பிடும்போது இடங்கள் குறைவு. தேர்வு பெறாத பிள்ளைகளையும் அவரவர் மாவட்டத்து முன்னாள் மாணவர்கள் ஒருமுறை சந்தித்து, எந்த அரசுத் திட்டத்துக்குத் தகுதி உண்டு, எந்தச் சான்றிதழை உடனே வாங்க வேண்டும் என்று எடுத்துச் சொல்ல ஏற்பாடு இருக்குமானால், அதற்குப் பெரிய செலவு பிடிக்காது. பயனோ மிகுதியாக இருக்கும்.

ஆசிரியர்களுக்கு என் பரிந்துரை இது: கட்டணம் மட்டுமே தடையாக உள்ள மாணவரை முதலில் அரசுத் திட்டங்களின் பக்கம் அனுப்புங்கள். கட்டணம் கிடைத்தாலும் தட்டிக்கொடுக்க ஆளில்லாத பிள்ளையை, பிளஸ் டூ தேர்வு முடிவு வரும்வரை காத்திராமல், விதைக்கு விண்ணப்பிக்கச் செய்யுங்கள்.