பைப் ஹைட்ரோபோனிக்ஸ்: இலையில் குறையில்லை, தகராறு கடைசி எல்போவில்

"நானும் ஒன்று கட்டலாமா?" என்று என் பைப் ஹைட்ரோபோனிக்ஸைப் பற்றி நண்பர் கேட்டதால் இதை எழுதுகிறேன். மண் இல்லாமல், உரம் கரைத்த தண்ணீரை பைப்பில் ஓடவிட்டுச் செடி வளர்க்கும் முறை இது. நான்கு அங்குல பிவிசி பைப், செடி வைக்க இரண்டு அங்குல நெட் பாட் (துளையுள்ள சின்னத் தொட்டி), 40 லிட்டர் டிரம், சின்ன சப்மெர்சிபிள் மோட்டார். மோட்டார் டிரம்மிலிருந்து கரைசலை பைப்புக்கு ஏற்றும், அது சரிவில் ஓடி டிரம்முக்கே திரும்பும்.

முதலில் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். லெட்யூஸ் (சாலட் கீரை) வளர்வதில் குறையே இல்லை. கரைசலில் உரச் செறிவைக் காட்டும் இசி 1.2 முதல் 1.8 வரை, அமில-கார அளவான பிஎச் 5.5 முதல் 6.5 வரை இருந்தால் அது தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும். செடி நைட்ரேட்டை உறிஞ்ச உறிஞ்ச பிஎச் ஏறும். கொஞ்சம் பாஸ்பாரிக் அமிலம் விட்டால் இறங்கிவிடும். கால்சியம் நைட்ரேட்டை மட்டும் மற்ற உரங்களின் அடர்கரைசலோடு கலக்காதீர்கள், ஜிப்சமாகப் படிந்துவிடும்.

எரிச்சல் எல்லாம் தண்ணீர் வெளியேறும் துளையில். பல வரைபடங்கள் எண்ட் கேப்பில் (பைப்பின் முனை மூடி) 20 மி.மீ. துளை போதும் என்கின்றன. லெட்யூஸுக்குப் போதும். புதினாவை வைத்தால் தொலைந்தது: வேர் நீரோட்டத்தோடு நீண்டு எல்போ என்ற வளைவு இணைப்புக்குள் நுழைந்து, பஞ்சுத் தக்கை மாதிரி அடைத்துக்கொள்ளும். வலை வைத்துத் தடுக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வேர் அந்த வலையிலேயே பின்னிக்கொண்டு இன்னும் சீக்கிரம் அடைக்கும்.

பைப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக வளைத்து இணைத்திருந்தால் ஓர் அடைப்பே மொத்தத்தையும் நிறுத்திவிடும். நிமிடத்துக்கு 2 லிட்டர் ஓட்டத்தில், திரும்பி வராத தண்ணீர் 20 நிமிடத்தில் டிரம்மைக் காலி செய்யும். அடைப்புக்கு மேலே உள்ள செடி மூழ்கும், கீழே உள்ளது காயும், மோட்டார் வறண்டு ஓடிக் கருகும். இத்தனைக்கும் காரணம் ஒரு பிடி வேர்!

சரிசெய்ய வழி உண்டு. ஒவ்வொரு பைப்புக்கும் தனி வரத்து, தனி வெளியேற்றம். வெளியேறும் வாய் குறைந்தது 40 மி.மீ. எண்ட் கேப்பை ஒட்டவே கூடாது, ரப்பர் வளையம் போட்டுச் செருகினால் கையால் கழற்றி வேரை இழுத்தெடுக்கலாம். டிரம்மில் மிதவை சுவிட்ச் வைத்தால் மோட்டாராவது பிழைக்கும். மின்தடையின்போது பைப்பில் கொஞ்சம் தண்ணீர் நிற்கட்டும் என்று துளையை 1 செ.மீ. உயர்த்தி வைக்கும் யோசனை கேட்க நன்றாக இருக்கும். 40க்கு 1 சரிவில் அது 40 செ.மீ. நீளத்துக்குத்தான் தண்ணீரைத் தேக்கும். மேலே உள்ள செடிகளுக்குப் பயனில்லை.

இதையெல்லாம் செய்தால் அமைப்பு அருமையாக ஓடும். ஆனாலும் நண்பருக்கு இன்றைய பதில்: கட்டாதீர்கள். வெளிச்சம் புகாத மூடிய வாளி, ஒரு லெட்யூஸுக்கு 4 லிட்டர் கரைசல், நெட் பாட்டின் அடி மட்டும் நனையட்டும். மட்டம் இறங்கினால் மேல்வரை நிரப்ப வேண்டாம், அந்த இடைவெளியில்தான் வேர் மூச்சுவிடும். மோட்டார் இல்லை, எல்போ இல்லை. புதினாவுக்கும் தனியாக ஒரு வாளி கொடுத்துவிடுங்கள். என் பைப்பை விற்பேனா என்று மட்டும் கேட்காதீர்கள், விற்க மாட்டேன்.