பழைய கார் எஞ்சினில் ஆயில் கசிவு: எதைக் கொண்டு தேடுவது, எதைக் கொண்டு அடைப்பது

பழைய எஞ்சினில் ஆயில் சொட்டும் இடமும் கசியும் இடமும் பெரும்பாலும் வேறுவேறாகவே இருக்கும். எஞ்சினின் மேல்மூடியான டேப்பெட் கவரின் பின்மூலையில் வெளியேறும் ஆயில், எஞ்சினின் உடலான பிளாக்கை ஒட்டி வழிந்து, எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்து உறையான பெல் ஹவுசிங்கின் அடியில் வந்து சொட்டும். அதைக் கண்டவுடன் எஞ்சினின் சுழல்தண்டான கிராங்க்சாஃப்ட்டின் பின்முனையில் ஆயிலைத் தடுக்கும் சீல் போய்விட்டது என்று முடிவு கட்டி, கியர்பாக்ஸை இறக்கிச் சீலை மாற்றிய பிறகும் அதே இடம் ஈரமாகவே இருப்பதைப் பலரும் கண்டிருக்கிறார்கள். ஆகவே, எந்த சீல் சிறந்தது என்ற கேள்விக்கு முன்னால், தேடும் முறைகளில் எது நம்பத்தக்கது என்று பார்ப்பதே முறை.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, எஞ்சினை நன்றாகக் கழுவி உலர்த்தி, சந்தேகமான இணைப்புகளின் மேல் முகப்பவுடரை மெல்லிய படலமாகத் தூவிச் சிறிது நேரம் ஓடவிடுவது; மற்றொன்று, ஆயிலில் ஒளிரும் சாயத்தைக் கலந்து ஓட்டிவிட்டுப் புற ஊதா விளக்கில் பார்ப்பது. மெதுவாகக் கசியும் ஒற்றைக் கசிவுக்குப் பவுடரே போதும்: வெள்ளைப் படலத்தில் கருத்த கோடு எங்கே தொடங்குகிறதோ அதுவே கசியும் இடம். ஆனால் மின்விசிறியின் காற்று படும் முன்பக்கத்தில் பவுடர் நிற்காது. கையோ கண்ணோ எட்டாத இடத்தில் அதனால் பயனும் இல்லை. அங்கே சாயம் உதவும், ஏனெனில் சிறு கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்தாலே மஞ்சள் பச்சை ஒளி தெரிந்துவிடும். ஆனால் சாயம் கலந்த பின் நீண்ட தூரம் ஓட்டினால் எஞ்சினின் பாதி ஒளிரத் தொடங்கி, தொடக்க இடம் மறைந்துவிடும். அரை மணிக்குள் நிறுத்திப் பார்த்துவிட வேண்டும். இரண்டுக்கும் கழுவுதல் கட்டாயம். ஈரத்தின் மிக உயர்ந்த, மிக முன்னால் உள்ள புள்ளியைத் தேடுவதும் இரண்டுக்கும் பொது.

கசிவு எப்போது நிகழ்கிறது என்பதும் தடயமே. எஞ்சின் ஓடும்போது மட்டும் கொட்டினால் ஆயில் பிரஷர் சுவிட்ச், ஃபில்டர் இருக்கை, வெளிக்குழாய் ஆகிய அழுத்தமுள்ள பகுதிகளைப் பார்க்க வேண்டும். நிறுத்திய பின் மெதுவாகச் சொட்டினால் ஆயில் தங்கும் அடித்தொட்டியான சம்ப்பின் பேக்கிங்கையும் (இணைப்பில் வைக்கும் அடைப்பு), தாழ்ந்த சீல்களையும் பார்க்க வேண்டும்.

எதையும் பிரிப்பதற்கு முன், எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் குழாயான பிரீதரைச் சோதிப்பதை நான் மிகவும் வற்புறுத்துவேன். பிஸ்டன் வளையங்களைத் தாண்டி வரும் வாயு பிரீதர் வழியாக வெளியேற முடியாமல் அடைபட்டால், கிராங்க்கேஸின் (கிராங்க்சாஃப்ட் சுழலும் அறையின்) உள்ளழுத்தம் உயர்ந்து, நல்ல நிலையிலுள்ள சீலையும் கசிய வைக்கும். குழாயையும் அதன் வலையையும் துடைப்பதற்கு ஆகும் செலவு ஒன்றுமில்லை.

டேப்பெட் கவருக்குக் கார்க் பேக்கிங்கா ரப்பர் பேக்கிங்கா என்பதில் என் தேர்வு, விளிம்பைப் பொறுத்தது. தகட்டால் ஆன கவரின் விளிம்பு, போல்ட்டை அளவுக்கு மீறி இறுக்கிய இடங்களிலெல்லாம் குழிந்திருக்கும். நேரான இரும்புப் பட்டையை அதன் மேல் வைத்தால் துளைகளைச் சுற்றி ஒளி ஊடுருவுவது தெரியும். அந்தக் குழிவை மரக்கட்டையின் மேல் வைத்துத் தட்டிச் சமன் செய்யாவிட்டால் எந்தப் பேக்கிங்கும் நிற்காது. சமன் செய்த பிறகும் சிறு ஏற்ற இறக்கம் இருந்தால், நசுங்கி இடம் நிரப்பும் கார்க் பொறுத்துக்கொள்ளும். ஆனால் அது நாளடைவில் சுருங்கும், அதிகம் இறுக்கினால் பிளக்கும். ரப்பர் அதிகக் காலம் நிற்கும், கழற்றி மறுபடியும் பொருத்தலாம்; ஆனால் அதற்குச் சமமான விளிம்பும், சீரான இறுக்கமும் வேண்டும்.

சிலிக்கான் பசையை மட்டும் பேக்கிங்காகப் போடுவோர் பலர். மூலைகளிலும், இரு பேக்கிங்குகள் சந்திக்கும் இடங்களிலும் ஒரு துளி வைப்பதில் தவறில்லை. ஆனால் தாராளமாகப் பூசினால் உள்ளே பிதுங்கும் இழை உடைந்து, சம்ப்பில் உள்ள வடிகட்டியை அடைத்து, ஆயில் பம்பைப் பட்டினி போட்டுவிடும். இரு கடைசல் உலோகப் பரப்புகள் நெருங்கிச் சேரும் இடத்தில் காற்றில்லாமல் இறுகும் பசையே மேல். அதில் உள்ளே பிதுங்கும் பகுதி இறுகாமல் ஆயிலோடு கலந்துவிடும். தகட்டுச் சம்ப்புக்கு அது ஆகாது.

பின் சீலில்தான் கடினமான தெரிவு. ஜாகுவார் 4.2 லிட்டர் எஞ்சின் போன்றவற்றில் இருந்த கயிறு சீல், கிராங்க்கின் சிறு தேய்மானத்தையும் பொறுத்துக்கொண்டு நெடுங்காலம் உழைக்கும். அதைக் குழியில் உருளைக் கம்பியால் அழுத்தி நுனிகளை வெட்டும்போது, ஓர் இழை இணைப்புப் பரப்பில் சிக்கினாலும் தண்டைத் தாங்கும் பேரிங்கின் மூடி சரியாக அமராது. பழைய கயிற்றில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம் என்பதால், நனைத்து எடுக்க வேண்டும்; காற்றடித்து ஊதக் கூடாது. மெல்லிய ரப்பர் விளிம்பு தண்டைத் தொட்டு நிற்கும் இதழ் சீல் நன்றாக அடைக்கும், உராய்வும் குறைவு. ஆனால் கயிற்றுக்காகச் சொரசொரப்பாகச் செதுக்கிய தண்டில் அதை மாட்டினால், அந்தச் செதுக்கலே இதழை அறுத்துவிடும். மாற்றுவதானால் தண்டை மெருகேற்ற வேண்டும். இதழ் சீல் ஏற்கெனவே தண்டில் பள்ளம் அறுத்திருந்தால், புதிய சீலைச் சற்றுத் தள்ளிப் பொருத்தலாம் அல்லது மெல்லிய எஃகு உறையை ஏற்றலாம். முதலாவது எளிது, இரண்டாவது நீடிக்கும்.

மோரிஸ் மைனரின் ஏ சீரிஸ் எஞ்சினில் பின் முனையில் உரசும் சீலே இல்லை. சுழலும் தண்டின் மறைவரி (திருகு போன்ற பள்ளம்) ஆயிலைத் திருப்பி அனுப்புகிறது. நிற்கும்போது அதைத் தடுக்க ஒன்றும் இல்லாததால் சில சொட்டுகள் விழுவது இயல்பு. சொட்டு அதிகரித்திருந்தால் முதலில் பிரீதரையும், அடுத்து மெயின் பேரிங் தேய்மானத்தையும் பார்க்க வேண்டும்.

கசிவு நிறுத்தும் திரவங்கள் ரப்பரைச் சற்று மென்மையாக்கி உப்ப வைக்கின்றன. கெட்டிப்பட்ட ரப்பர் சீலில் அதனால் சிறிது காலம் கிடைக்கும். கார்க், கயிறு, மறைவரி ஆகியவற்றில் அதனால் எதுவும் நடக்காது. நெடுநாள் நின்ற வண்டியை எடுத்தவுடன் அதை ஊற்றுவதைவிட, சில வாரங்கள் ஓட்டிப் பார்ப்பதையே நான் விரும்புகிறேன். உலர்ந்த சீல்கள் ஆயில் பட்டுத் தாமே ஓரளவு மீள்வதுண்டு.