கிருஷ்ணகிரி–ஓசூர் பஸ்ஸில் இரண்டு வருஷம்: என் நாய்ஸ் கேன்சலிங் ஹெட்போன்

வேலைக்காகத் தினமும் கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போய் வருகிறேன். ஒரு வழிக்கே 50 கிலோமீட்டர் பக்கம். எஞ்சின் இரைச்சலில் தலைவலி தாங்காமல்தான் இந்த ஹெட்போனை வாங்கினேன்.

இதன் அருமை மேலுமலை ஏற்றத்தில் தெரியும். பஸ் கியரைக் குறைத்து முக்கி முக்கி ஏறும்போது பட்டனை அழுத்தினால், அந்த 'ஊம்' அப்படியே அடங்கிப்போகும். வெளிச்சத்தத்தை மைக் வாங்கி, அலையின் முகட்டுக்குப் பள்ளமும் பள்ளத்துக்கு முகடுமாக ஓர் எதிரலையை உள்ளே விடுகிறது. இரண்டும் மோதிக் கரைகின்றன. 100 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 100 அதிர்வு) இரைச்சலின் அலைநீளம் சுமார் 3.4 மீட்டர். சாவகாசமாக ஏறி இறங்கும் அலை, அதனால் ஈடுகொடுக்க முடிகிறது. 1000 ஹெர்ட்ஸில் அது 34 சென்டிமீட்டர்தான். துளி நேரம் பிசகினாலும் முகடும் பள்ளமும் பொருந்தாது. அதனால் சுருதி உயர்ந்த கண்டக்டர் விசிலும் குழந்தை அழுகையும் கேட்கத்தான் செய்யும்.

ஹார்னும் கேட்கும். ஆனால் அதைக் கேட்க எனக்குப் பிடித்துவிட்டது. எங்கள் பஸ் ஹார்ன் எனக்கு ஒரே சுருதியில் நிற்கும். அதுவும் நானும் சேர்ந்தே போகிறோம். சூளகிரியில் பஸ் நிற்கும்போது ஹார்னை அழுத்தியபடி தாண்டும் லாரி அப்படியில்லை. மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால், 400 ஹெர்ட்ஸ் ஹார்ன் நெருங்கும்போது 425 ஆகவும் விலகும்போது 378 ஆகவும் கேட்கும். ஒருநாள் கூட வந்த மாமா நாதஸ்வரக்காரர். "'ரி' ஸ்வரத்திலிருந்து 'ஸ'வுக்கு இறங்குது மாப்ளே" என்றார். 425-க்கும் 378-க்கும் உள்ள விகிதத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன், 'ரி'க்கும் 'ஸ'வுக்கும் உள்ளதோடு சரியாக இருந்தது! சத்தம் நெருங்கினால் சுருதி ஏறும், விலகினால் இறங்கும் என்று 1842-ல் டாப்ளர் என்ற விஞ்ஞானி சொன்னதை 1845-ல் நெதர்லாந்தில் பாய்ஸ் பாலட் என்ற விஞ்ஞானி சோதித்ததும் இப்படித்தான்: ரயிலில் ஊதுகுழல்காரர்கள், தண்டவாள ஓரத்தில் சங்கீதக் காதுள்ளவர்கள்.

குறை இரண்டு. ஷட்டர் திறந்த ஜன்னலோரம் உட்கார்ந்தால் காற்று நேராக மைக்கில் அடித்து 'புர்ர்' என்று உள்ளேயே இரைகிறது. உள்பக்கம் நகர்ந்தால் போதும். இரண்டாவது, காது மெத்தை. ஒன்றரை வருஷத்தில் வியர்வையில் தோல் உரிந்து விரல் நுழையும் இடைவெளி விழுந்தது. அந்த வழியாக எஞ்சின் இரைச்சல் உள்ளே வந்துவிட்டது, எதிரலையால் சமாளிக்க முடியவில்லை. மெஷினே போயிற்று என்று பயந்துவிட்டேன். புது மெத்தை மாட்டிய அன்றைக்கே மேலுமலை மறுபடி அமைதியானது. வாங்குகிறவர்கள், மெத்தை தனியாகக் கிடைக்குமா என்று கடையில் கேட்டுவிட்டே பணம் கொடுங்கள்.